மூன்றாவது ஓலை

பூசையின் கடைசியில் பங்குத்தந்தை கண்ணாடியை மாற்றினால், கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார் என்று அர்த்தம். அதுவரை பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அன்றும் மாற்றினார். இரண்டு ஜோடிகளின் பெயர்களை வாசித்தார். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்தார். பழைய கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு ஜோடி இருந்தது. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்; போன இரண்டு ஞாயிறுகளும் வாசிக்கப்பட்ட ஜோடி. கிளமென்ட், ஜெயசீலி.

முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிறகு அதற்குப் பக்கத்துத் தலை. பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஆஷ்லின் தன் ஜெபமாலையைப் பார்த்தபடி இருந்தாள். ஆண்கள் பக்கம், வாசலையொட்டி நின்றிருந்த அவள் தம்பி கிளமென்ட், இறுதி ஆசீருக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டான்.

மறந்துபோய் விடப்பட்ட ஓலை இல்லை அது. அம்மா அருள்மேரி வெள்ளிக்கிழமையே பங்குத்தந்தையைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, பெண் வீட்டுக்கும் காரணத்தைச் சொல்லியனுப்பியிருந்தாள். நிறுத்தக் காரணமாக இருந்தவள் ஆஷ்லின்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் அவளுடைய கிளினிக் பலகையில் ‘ஈறு நோய் சிறப்பு மருத்துவர்’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, "பல்லைப் புடுங்க மாட்டீங்களா?" என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஜெயசீலி அப்படிக் கேட்கவில்லை. பட்டுக்கோட்டையில் கொப்பரை வியாபாரம் செய்யும் பெரியநாயகசாமியின் மகள், கன்னியர் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சர். "முன்பல் ரெண்டும் விலகிக்கிட்டே போகுது டாக்டர்" என்று வந்தாள். பல் வெள்ளையாக இருந்தது, ஈறில் சிவப்பில்லை, ரத்தமில்லை. எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. முன்பற்களையும் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது. இளம் வயதிலேயே, சுத்தமாக வாயை வைத்திருக்கிறவர்களுக்கும் வரும் நோய்.

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபித் தட்டோடு வந்து நின்றது அதே பெண்ணாக இருக்கும் என்று ஆஷ்லின் எதிர்பார்க்கவில்லை. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது ஜெயசீலி பின்னாலேயே வந்தாள். "டாக்டர், உங்க வீட்ல தெரிய வேணாம். அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். ஆஷ்லின் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பு இரண்டு ஓலை வரைக்கும்தான் தாங்கியது. ஒரு பக்கம் ஈறு ஆபரேஷன் முடிந்தது. மறுபக்கம் பாக்கி. அதற்குள் கல்யாணம் வந்துவிடும். கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று அம்மாவைக் கேட்டாள். விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம், கல்யாணம் கிடையாது, கிளமென்ட்டின் லீவும் முடிகிறது, எதற்காகத் தள்ள வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஆஷ்லின் சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வம்சத்துல வருமா?" என்றாள்.

"வரலாம்" என்றாள் ஆஷ்லின்.

கோயில் வெளியில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அருள்மேரி, ஃபாதர் உன் மவன் ஓலையை விட்டுட்டாரா?"

"விடலை. நாங்கதான் நிறுத்தச் சொன்னோம்."

"ஆத்தாடி. எதுக்கு?"

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அவங்க பக்கம் ஒரு சங்கடம். வயசுப் பொண்ணு விஷயம். நம்ம வாயால எதுக்குச் சொல்லணும்?"

அம்மா பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். நோயை வெளியே சொல்லி ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை ஆஷ்லின் கவனித்தாள். ஓலை நிற்பதற்கு எந்தெந்தக் காரணங்கள் உண்டு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவள். வேறொருவனோடு பழகியவள். அதற்கும் மேல்.

"நல்ல வேளை, முன்னாடியே தெரிஞ்சுது" என்றாள் ஒருத்தி.

"மாதா காப்பாத்தினா" என்றாள் இன்னொருத்தி.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல ஆஷ்லின் வாய் எடுத்தாள். அப்படியானால் எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் அவள் இன்னொரு தடவை சொல்லக் கூடாதது. செருப்பைத் தேடுகிறவளைப்போலக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. கிளமென்ட் எடுத்தான். பேசியது மஸ்கட்டில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் ராஜ்குமார். அவனும் விடுப்பில் சொந்த ஊரான பட்டுக்கோட்டைக்கு வந்திருந்தான்.

"சொல்றா... ம்... யார் சொன்னது?... அதெல்லாம் இல்லடா... டேய், அதெல்லாம் பொய்டா."

ரிசீவரை வைத்துவிட்டு ஆஷ்லின் பக்கம் திரும்பினான்.

"பட்டுக்கோட்டைக் கோயில்லயும் இன்னிக்கு ஓலை படிக்கலையாம். அவ ஸ்கூல் வாத்தியார் ஒருத்தனை ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கிட்டான்னு ஊரெல்லாம் பேச்சாம். ஸ்கூல் மதர் சொல்லி அனுப்பியிருக்காங்களாம், விஷயம் தெளிவாகுற வரைக்கும் நீ வர வேணாம்னு."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே?"

"நீ ஒண்ணுமே சொல்லலம்மா. அதான் பிரச்சினை."

"பின்ன, அந்தப் பொண்ணுக்குப் பல்லெல்லாம் கொட்டிப் போயிடும்னு மைக் வெச்சு சொல்லணுமா? இவதானே சொன்னா, பிள்ளைங்களுக்கும் வரும்னு."

"வரும்னு சொல்லலை. வரலாம்னு சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம், பெத்தவளுக்கு?"

ஆஷ்லின் எழுந்து கைப்பையை எடுத்தாள். ஜெயசீலிக்குத் தையல் பிரிக்க வேண்டிய நாள் நேற்று. அவள் வரவில்லை. கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் ஹமீதா பானு போன் செய்தபோது, ஜெயசீலியின் அப்பா எடுத்துப் பேசாமலே வைத்துவிட்டார். அந்த நூலை அப்படியே விட்டால் அழுக்கு சேரும். ஆற வேண்டிய புண் கெடும். அவள் செய்த நல்ல காரியம் ஒன்று மிச்சமிருந்தால் அதுவும் போய்விடும்.

"எங்க கிளம்பிட்ட?"

"பட்டுக்கோட்டைக்கு."

"செருப்பால அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

கிளமென்ட் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். சித்தப்பா வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கி வந்திருந்தான்.

முதலில் கிளினிக்கைத் திறந்தார்கள். அவள் கருவிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது கிளமென்ட் நோயாளி நாற்காலியில் ஏறிப் படுத்தான்.

"எனக்கும் பாரு."

"எதுக்குடா?"

"அவளுக்கு எப்படிப் பாத்தியோ அப்படிப் பாரு. ஒவ்வொரு பல்லா."

அவன் குரலைக் கேட்டு, மறுக்காமல் விளக்கை இழுத்தாள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்க்கும் மெல்லிய கம்பியை எடுத்தாள். நோயிருக்கும் இடத்தில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். கிளமென்ட்டின் ஈறு எங்கேயும் வழிவிடவில்லை. மேல் வரிசை, கீழ் வரிசை, கடைவாய். எல்லாம் கல்லுமாதிரி இருந்தது.

"சொல்லு."

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்டா. சின்ன வயசுல அடைச்ச சொத்தை ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்."

அவன் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான். "ஒரு பல்லாவது ஆடக் கூடாதா?" என்றான். சிரிக்க முயன்றான். வரவில்லை.

"அம்மா வந்து விஷயத்தைச் சொன்னப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமாக்கா? அவளுக்கு வலிக்குதான்னு கேக்கலை. பல்லு போயிட்டா போட்டோல எப்படி இருப்பான்னு கேட்டேன். அப்புறம் உன் இஷ்டம்மான்னு சொல்லிட்டுக் கிரிக்கெட் பாக்கப் போயிட்டேன்."

ஆஷ்லின் கருவிகளைத் துணியில் சுற்றினாள். தம்பியைத் திட்டுவதற்கு அவளிடம் யோக்கியதை இல்லை.

ஒரத்தநாடு ரோட்டில் சம்பா அறுப்பு. பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். வைக்கோல்மேல் ஏறி இறங்கி வண்டி போனது. புது ஆற்றில் தண்ணீர் குறைந்து கரையின் சிமென்ட் தெரிந்தது.

"ஊர் வாயை மூடணும்னா உண்மையைச் சொல்லிடணும்க்கா" என்றான் கிளமென்ட், தலையைப் பாதி திருப்பி. "இது வியாதி, வேற ஒண்ணும் இல்லைன்னு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"அதை அவகிட்ட கேக்காம செய்யக் கூடாது."

எதிரே வைக்கோல் லாரி வந்தது. ஒதுங்கி நின்றார்கள். லாரி போன பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெரியநாயகசாமி வீட்டு முற்றத்தில் மாலை வெயிலில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கிளமென்ட் கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றுகொண்டான். ஆஷ்லின் மட்டும் உள்ளே போனாள். பெரியநாயகசாமி எழுந்து நின்றார். நிச்சயத்தன்று இதே இடத்தில் அவளுக்கு மாலை போட்டவர்.

"வாங்க டாக்டரம்மா" என்றார். வழக்கம் விட்டுப்போகாமல் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். அவள் அதில் உட்காராமல் நின்றாள்.

"தையல் பிரிக்கணுங்க. நேத்தே பிரிச்சிருக்கணும்."

"அதுக்கா வந்தீங்க?"

"அதுக்குத்தாங்க. மத்தது எதையும் பேச எனக்கு வாயில்லை."

அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா. இந்தப் பிள்ளைக்கு இன்ன வியாதி, வேற ஒரு குத்தமும் கிடையாதுன்னு டாக்டருங்கிற முறையில எங்க ஃபாதர்கிட்ட சொல்லுங்க. கோயில்ல சொல்லட்டும். பல்லு போனாப் போவுது. பேரு போவக் கூடாதுங்க."

"அப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவங்களை உள்ள வரச் சொல்லுங்க."

ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள் ஜெயசீலி. அவள் அம்மா டார்ச் பிடித்தாள். வெளிச்சம் உதட்டுக்கும் மூக்குக்கும் போய்ப் போய் வந்தது.

ஆஷ்லின் உதட்டை ஒதுக்கினாள். கறுப்பு நூல் முடிச்சுகளைச் சுற்றி ஈறு இளஞ்சிவப்பாக, பல்லோடு ஒட்டி ஆறியிருந்தது. இவ்வளவு அழகாக ஆறிய ஆபரேஷனை அவள் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கணம் மனம் பொங்கியது. எந்த வீட்டில், யார் வாயைப் பார்த்துப் பொங்குகிறோம் என்று அடுத்த கணமே உறைத்தது. கத்தரி முனையால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

"நல்லா ஆறியிருக்கும்மா."

ஜெயசீலி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் ஆஷ்லினை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"தேதியைத் தள்ளச் சொன்னது என் நல்லதுக்குன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா ஏன்னு கேட்டப்ப, கிளினிக்ல வேலை இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? ஊருக்குப் போறேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

இந்தக் கேள்வியை ஆஷ்லின் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் இருந்தாள். பதில் தெரிந்திருந்ததால்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எங்கம்மா என் படிப்பைப் பத்தி ஒரு நாளும் கேட்டதில்லைம்மா. பல்லு டாக்டர், அவ்வளவுதான். ஈறுக்குன்னு தனியா என்னடி படிப்புன்னு சிரிப்பாங்க. அன்னிக்கு முதல் தடவையா பக்கத்துல உக்காந்து, அது எப்படி, இது ஏன்னு கேட்டாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பேப்பர் எடுத்து எலும்பு எப்படிக் கரையுதுன்னு படம் போட்டுக் காட்டினேன். பரீட்சைல பதில் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே போனேன். உன்னை மறந்துட்டேன்."

டார்ச் அணைந்தது. ஜெயசீலியின் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"நான்கூட கிளாஸ்ல அப்படித்தான்" என்றாள் ஜெயசீலி. "யாராவது ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டா மணி அடிச்சதே தெரியாது." மன்னிப்பதுபோல அவள் அதைச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட..."

"கேக்காதீங்க. கேட்டா நான் சரின்னு சொல்லணும். இப்ப முடியாது." எழுந்து முகத்தைத் துடைத்தாள். "அப்பா சொன்னதைச் செஞ்சுடாதீங்க. ஃபாதர்கிட்ட போகாதீங்க. எங்கேயும் சொல்லாதீங்க. நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போவேன். மதர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கு இருக்கிற வியாதியை முதல் தடவை உங்க வீட்ல நீங்க சொன்னீங்க. ரெண்டாவது தடவை நான்தான் சொல்வேன். என் கோயில்ல அதை ஊர் கூடிக் கேக்கக் கூடாது."

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்." சொல்லும்போதே, இதே வாக்கை ஏற்கெனவே ஒரு முறை தலையசைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஜெயசீலிக்கும் வந்திருக்க வேண்டும்.

"மறுபக்க ஆபரேஷன்..." என்றாள் ஆஷ்லின் மெதுவாக. "வேற டாக்டர் வேணும்னா மெட்ராஸ்ல என் புரொஃபசர் இருக்கார்."

"மெட்ராஸுக்கு வாரா வாரம் யார் கூட்டிட்டுப் போவா? உங்களை விட்டா இந்தப் பக்கம் யாரும் இல்லை. வருவேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வெளில வண்டிச் சத்தம் கேட்டுச்சு. அவரும் வந்திருக்காரா?"

"வந்திருக்கான். உள்ள வர வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறான்."

"வரச் சொல்லுங்க. எனக்கு அவர்கிட்ட ஒரு கேள்வி இருக்கு."

ஆஷ்லின் கையுறையை ஒரு கையிலிருந்து உருவிக்கொண்டே வெளியே வந்தாள். முற்றத்தில் பெரியநாயகசாமி கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது.

"தம்பி எங்கங்க?"

"மாப்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "உங்க தம்பிங்களா? கோயில் எந்தப் பக்கம், சாயங்காலப் பூசை முடிஞ்சிருக்குமான்னு கேட்டாரு. வழி சொன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க பொண்ணு பேரை நான் சரி பண்ணிடறேன்னாரு. நல்ல பிள்ளைதாம்மா."

வைக்கோல் லாரி போன பிறகு தம்பி ஏன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்பது ஆஷ்லினுக்கு இப்போது புரிந்தது. மற்றக் கையில் கையுறையோடேயே தெருவில் ஓடினாள். தென்னைகளுக்கு மேலே கோயில் கோபுரம் தெரிந்தது. அதன் ஒலிபெருக்கியில் பூசையின் கடைசி அறிவிப்புகள் கேட்டன: புதன்கிழமை ஜெபக்கூட்டம், அன்பியக் கூட்டம். அப்புறம் ஓர் அமைதி. மைக்கை யாரோ தட்டிப்பார்க்கும் சத்தம்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றது ஒலிபெருக்கி. "என் பேர் கிளமென்ட். தஞ்சாவூர்."

ஆஷ்லின் திரும்பிப் பார்த்தாள். கேட்டருகே, ஒரு கையால் கன்னத்தைப் பொத்தியபடி, ஜெயசீலி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.